லைவ் கோடிங்கில் இறங்குகிறவர்களுக்கு: மொழிகளும் அவற்றின் பூர்வீகமும்

நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை மாற்றி மாற்றி எழுதி, அந்த மாற்றத்தையே இசையாக வாசிப்பதற்குப் பெயர்தான் லைவ் கோடிங். இதில் இறங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: எந்த மொழியைக் கற்பது? ஸ்ட்ரூடலா, டைடலா, சோனிக் பையா, சூப்பர்கொலைடரா, சக்கா? எது சுலபம் என்று பட்டியல் போட்டுத் தேர்ந்தெடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்த மொழிகள் ஒவ்வொன்றும் நேரத்தைப் பற்றி ஒரு கருத்தை வைத்திருக்கின்றன. ஒன்றுக்கு நேரம் என்பது சுற்றிச் சுற்றி வரும் வட்டம், இன்னொன்றுக்கு அது வரிசையாகச் செய்து முடிக்க வேண்டிய வேலைகள், வேறொன்றுக்கு நீங்கள் நகர்த்தினால் மட்டுமே நகரும் கடிகாரம். அந்தக் கருத்து யாரிடமிருந்து, எந்த ஊரிலிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் மொழியின் பாதி விநோதங்கள் தாமாகவே புரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கைவேலை, கொஞ்சம் பூர்வீகம் என்று கலந்தே சொல்லிக்கொண்டு போகிறேன்.

வேண்டியது ஒரு கணினி, ஒரு பிரவுசர், ஒரு ஹெட்ஃபோன். இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை, புரோகிராமிங்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஹெட்ஃபோனின் ஒலியளவை முதலிலேயே நன்றாகக் குறைத்து வையுங்கள், ஏனென்றால் ஒரு எண்ணில் பூஜ்யம் கூடிப்போனால் காதைக் கிழிக்கும் சத்தம் வரக்கூடிய துறை இது. கட்டளைப் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், எடிட்டரில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும்.

முதல் படி: பிரவுசரில் ஒரு சத்தம்

ஸ்ட்ரூடல் டாட் சிசி என்ற முகவரிக்குப் போங்கள். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம். திறந்ததும் ஏற்கெனவே ஏதாவது நிரல் இருக்கும், எல்லாவற்றையும் அழித்துவிட்டு இந்த ஒரு வரியை எழுதுங்கள்:

நோட்("48 52 55 59")

கண்ட்ரோலும் என்டரும் சேர்த்து அழுத்தினால் ஓடும், கண்ட்ரோலும் முற்றுப்புள்ளியும் அழுத்தினால் நிற்கும். சத்தம் வரவில்லை என்றால் பக்கத்துக்குள் எங்காவது ஒரு முறை கிளிக் செய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள், பயனர் தொடாதவரை ஒலியைத் திறந்துவிடக் கூடாது என்பது பிரவுசர்களின் விதி.

இந்த எண்கள் மிடி எண்கள். 60 என்பது பியானோவின் நடு சி, 12 கூடினால் ஒரு ஸ்தாயி மேலே. 48ஐ ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் மேலே எழுதியது ஸ, அந்தர காந்தாரம், பஞ்சமம், காகலி நிஷாதம். இப்போது ஓடிக்கொண்டிருக்கும்போதே மேற்கோளுக்குள் இன்னும் நாலு எண்களைச் சேர்த்து மறுபடி கண்ட்ரோல் என்டர் அடியுங்கள். ஸ்வரங்கள் எட்டாகின்றன, ஆனால் மொத்த நீளம் கூடவில்லை. எட்டும் அதே நேரத்துக்குள் நெருக்கிக்கொண்டு வேகமாகின்றன. ஸ்ட்ரூடலில் எதையும் மாற்றாமல் விட்டால் ஒரு வட்டம் 2 வினாடி, அதற்குள் நாலு போட்டால் நாலு, நாற்பது போட்டால் நாற்பது.

மற்ற மொழிகளில் புரோகிராமிங் பழகியவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். வரி கூடினால் நேரம் கூடும் என்பது அவர்கள் பழக்கம். இங்கே நேரம் முன்கூட்டியே அளந்து வைக்கப்பட்டிருக்கிறது, நீங்கள் செய்வது அதைப் பங்கு போடும் வேலை. தாளம் போட்டுப் பாடிப் பழகியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆவர்த்தனம் மாறாது, நடைதான் மாறும். இந்த ஒற்றுமைக்குப் பின்னால் ஒரு உண்மையான வரலாறு உண்டு.

இரண்டாம் படி: அடைப்புக்குறிகள், அப்புறம் லக்னோ

இதை எழுதிப் பாருங்கள்:

நோட்("48 48 48 [48 48 48]")

நாலாவது இடத்தில் சதுர அடைப்புக்குள் மூன்று இருக்கின்றன. அந்த ஓர் இடத்துக்கு உரிய நேரத்தையே மூன்றும் பங்கிட்டுக்கொள்ளும். வாயால் சொன்னால் தா, தா, தா, தகிட. அடைப்புக்குள் நாலு போட்டால் தகதிமி, ஐந்து போட்டால் தகதகிட. அடைப்புக்குள் இன்னொரு அடைப்பும் போடலாம். ஓர் இடத்தை மௌனமாக விட ~ குறி. ஓர் இடத்தையே நாலாகப் பிரிக்க 48*4 என்று எழுதினால் போதும். <48 50 52> என்று கோண அடைப்பில் எழுதினால் ஒரு வட்டத்துக்கு ஒன்றாக மாறி மாறி வரும். காற்புள்ளி போட்டால் இரண்டு வரிசைகள் ஒரே நேரத்தில் ஓடும், "48 52 55, 36 43" என்று எழுதினால் மேலே மூன்றும் கீழே இரண்டும் ஒரே வட்டத்துக்குள் மோதிக்கொள்ளும். இந்த ஐந்தாறு குறிகளையும் கலந்து கட்டி ஒரு மாலைப் பொழுது விளையாடுங்கள். அதற்கு முன்னால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இந்தக் குறிமுறைக்கு மினி நொட்டேஷன் என்று பெயர். ஸ்ட்ரூடலுக்கு இது டைடல்சைக்கிள்ஸ் என்ற மொழியிலிருந்து வந்தது. டைடலை எழுதியவர் இங்கிலாந்தின் அலெக்ஸ் மெக்லீன், 2009 வாக்கில், லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தபோது. அவர் இதற்கு முன்மாதிரியாகச் சொல்கிறவற்றில் ஒன்று போல் புராசஸர் என்ற மென்பொருள். அதன் கதை இந்தியாவில், 1980களின் தொடக்கத்தில், லக்னோவில் நடந்தது.

ஜேம்ஸ் கிப்பன் என்ற இசை ஆய்வாளர் லக்னோவில் உஸ்தாத் அஃபாக் ஹுசைன் கானிடம் தபேலா கற்றுக்கொண்டிருந்தார். காயிதா என்று தபேலாவில் ஒரு வகை உண்டு. ஒரு மூலச் சொற்கட்டை எடுத்துக்கொண்டு அதிலுள்ள துண்டுகளையே இடம் மாற்றி, திரும்பச் சொல்லி, நீட்டி, குறைத்து வாசித்துக்கொண்டே போவது. வாசிப்பவருக்கு எது சரி, எது கூடாது என்று தெரியும், ஆனால் அந்த விதிகளைக் கேட்டால் வாயால் சொல்லிவிட முடியாது. கிப்பனுக்கு அந்த விதிகள் வேண்டும். இந்தியாவில் வேலை செய்துகொண்டிருந்த பெர்னார் பெல் என்ற பிரெஞ்சு கணினியியலாளர் அவருக்காக ஒரு ஆப்பிள் கணினியில் போல் புராசஸரை எழுதினார். மொழியியலில் வாக்கியங்களுக்கு இலக்கண விதி எழுதுவதுபோல தபேலாவின் சொற்களுக்கு விதி எழுதலாம், கணினி அந்த விதிகளின்படி புதுப்புது மாற்றங்களைத் திரையில் எழுத்தாகக் காட்டும், அதை வாத்தியக்காரர் முன் வைத்து இது சரியா என்று கேட்பார்கள். அவர் மறுத்தால் தவறு வித்வானுடையது அல்ல, விதியினுடையது, மறுபடி திருத்து. அறிவின் அதிகாரம் கணினியிடம் இல்லை, உஸ்தாதிடம் இருந்தது என்பது இந்த ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இன்றைக்கும் இசையும் கணினியும் சேரும் எந்த வேலைக்கும் இது நல்ல முறை என்றே நினைக்கிறேன்.

போல் என்பது தபேலா வாசிப்பை வாயால் சொல்லும் அசை, நம் ஊர்ச் சொற்கட்டு போல. ஒலியை எழுத்தாக்கி, அந்த எழுத்தை நேரத்தில் பங்கு போடும் பழக்கம் அங்கிருந்துதான் போல் புராசஸருக்குள் போனது, வெவ்வேறு நடைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடைப்புக்குள் எழுதும் முறை அதில் உருவானது, அதைப் பார்த்துத்தான் டைடலின் அடைப்புக்குறிகள் வந்தன. ஆக, பெர்லினிலோ டோக்கியோவிலோ ஒருவர் டெக்னோ வாசிக்கும்போது அவர் தட்டச்சு செய்கிற சதுர அடைப்பில் ஒரு லக்னோ தபேலா வகுப்பின் சாயல் இருக்கிறது.

இதே படியில் இன்னொன்றையும் முயன்று பாருங்கள். 48(3,8) என்று மேற்கோளுக்குள் எழுதுங்கள். எட்டு இடங்களில் மூன்று அடிகளை முடிந்தவரை சம இடைவெளியில் பரப்பு என்று அர்த்தம். எட்டை மூன்றால் சரியாக வகுக்க முடியாதே, அதனால் 3, 3, 2 என்று விழும். தகிட தகிட தக. கியூபாவில் இதற்கு டிரெசில்லோ என்று பெயர். மெக்கில் பல்கலைக்கழகத்தின் காட்ஃபிரீட் தூசான் 2005இல் ஒரு கட்டுரையில் காட்டியது என்னவென்றால், மீப்பெரு பொது வகுத்தி கண்டுபிடிக்க யூக்ளிட் தந்த அந்தப் பழைய வழிமுறையே உலகின் பல மரபுத் தாளங்களைப் பெற்றுத் தருகிறது. அதே அமைப்புடைய, அவர் எடுத்துக்கொண்ட இன்னொரு கணக்கு, நியூட்ரான் ஆய்வுக் கருவிகளில் துடிப்புகளைச் சமமாகப் பரப்புவதற்காக எழுதப்பட்டது. (5,8), (7,16) என்று எண்களை மாற்றிப் பாருங்கள். இரண்டு எண்களில் ஒரு முழுத் தாளம் கிடைத்துவிடுகிறது, மேடையில் நேரமில்லாதபோது இதைவிடக் கைகொடுப்பது வேறில்லை.

மூன்றாம் படி: எழுதியதைத் திருப்பிப் போடு

இப்போது வரியின் கடைசியில் ஒரு புள்ளி வைத்து ரெவ்() என்று சேர்த்தால் எல்லாம் பின்னோக்கி வரும். ஃபாஸ்ட்(2) என்றால் இரு மடங்கு வேகம், ஸ்லோ(2) என்றால் பாதி. எல்லாவற்றையும்விட இதைக் கேட்டுப் பாருங்கள்:

நோட்("48 52 [55 59] 60").ஜக்ஸ்(ரெவ்)

ஹெட்ஃபோனில் இடது காதில் நீங்கள் எழுதியது, வலது காதில் அதுவே தலைகீழாக. ஐந்து எண்களை எழுதிவிட்டு ஒரு சொல்லைச் சேர்த்ததில் கேட்பதற்கு இருவர் வாசிப்பதுபோல ஆகிவிடுகிறது. ஸ்வரங்களை எழுதுவதைவிட, எழுதிய கோலத்தின்மேல் செய்யும் மாற்றங்களில்தான் இந்த மொழியின் உயிர் இருக்கிறது.

இந்தப் பார்வைக்கு இரண்டு மூதாதைகள். ஒருவர் லாரி ஸ்பீகல். 1970களில் அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்தில் கணினி இசை செய்தவர், 1977இல் வாயேஜர் விண்கலங்களோடு போன தங்கத் தட்டில் அவர் செய்த ஒலியும் இருக்கிறது. இசைக் கோலங்களை என்னவெல்லாம் செய்ய முடியும் என்று 1981இல் அவர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். இடம்பெயர்த்தல், தலைகீழாக்கல், சுழற்றல், தள்ளி வைத்தல், துண்டாக்கல், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று, திரும்பச் செய்தல் என்று வரிசையாகப் பெயர் கொடுத்தார். அந்தப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு டைடலின் கட்டளைகளைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று பொருந்துவது தெரியும், மெக்லீனும் அந்தக் கட்டுரையின் தாக்கத்தைச் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு மூதாதை ஹாஸ்கெல் என்ற நிரல்மொழி. டைடல் அதற்குள் எழுதப்பட்ட ஒரு நிரல் தொகுப்புதான் (லைப்ரரி). ஹாஸ்கெலில் எல்லாம் சார்புகள், கணக்குப் புத்தகத்தில் வரும் அதே சார்பு. டைடலில் ஒரு கோலம் என்பது குறிப்புகளின் பட்டியல் அல்ல, "இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை என்ன நடக்கிறது" என்று கேட்டால் பதில் சொல்லும் ஒரு சார்பு. பட்டியலாக இருந்தால் முடிவில்லாத இசையைத் தலைகீழாக்க முதலில் கடைசிவரை போக வேண்டும். சார்பாக இருப்பதால் கேட்கும்போது கேட்ட துண்டுக்கு மட்டும் கணக்குப் போட்டால் போதும். ஸ்ட்ரூடல் ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டது, ஃபெலிக்ஸ் ரூஸும் மெக்லீனும் 2022இல் தொடங்கியது, ஆனால் உள்ளே இருப்பது இதே ஹாஸ்கெல் சிந்தனைதான். அதனால்தான் ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர்கள் ஸ்ட்ரூடலுக்குள் வந்து ஃபார் லூப் எங்கே என்று தேடினால் ஏமாந்துபோகிறார்கள்.

டைடலையே நேரடியாகக் கற்க வேண்டுமா? ஹாஸ்கெல், ஒலியை உண்டாக்கும் சூப்பர்கொலைடர், அதற்குள் டைடலுக்காக ஓடும் சூப்பர்டர்ட், எடிட்டர் என்று நாலைந்து பொருள்களை நிறுவி ஒன்றோடொன்று பேசவைக்க வேண்டும். ஸ்ட்ரூடலில் சில வாரம் போன பிறகு செய்யுங்கள், முதல் நாளே செய்ய வேண்டாம்.

நான்காம் படி: சோனிக் பையும் தூக்கமும்

இப்போது முற்றிலும் வேறு குடும்பத்துக்குப் போவோம். சோனிக் பையை இலவசமாகத் தரவிறக்கலாம், விண்டோஸ், மேக், ராஸ்பெரி பை என்ற சிறு கணினி எல்லாவற்றிலும் ஓடும். திறந்து இதை எழுதுங்கள்:

பிளே 60
ஸ்லீப் 0.5
பிளே 64
ஸ்லீப் 0.5
பிளே 67

விண்டோஸில் ஆல்ட்டும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்தினால் ஓடும், ஆல்ட்டும் எஸ் எழுத்தும் நிறுத்தும். வாசி, அரை வினாடி காத்திரு, வாசி. வரி கூடினால் நேரமும் கூடும். சமையல் குறிப்பைப்போல மேலிருந்து கீழே படித்துக்கொண்டே போகலாம், பத்து வயதுப் பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்படாது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று செய்யப்பட்டதுதான் இது. சாம் ஏரன் 2012இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினித் துறையில், ராஸ்பெரி பை அறக்கட்டளையின் ஆதரவோடு, பள்ளிக்கூட வகுப்புக்காகத் தொடங்கினார். எழுதும் முறை ரூபி மொழியிலிருந்து வந்தது. அதற்கு முன்னால் அவர் ஓவர்டோன் என்ற மொழியில் வேலை செய்தவர், அது லிஸ்ப் என்ற பழைய நிரல்மொழியின் குடும்பத்து குளோஜரில் எழுதப்பட்டது, அடைப்புக்குறிகள் நிறைந்தது. வகுப்பறையில் பிள்ளைகளுக்கு அந்த அடைப்புகள் எதற்கு என்று விளக்கிக்கொண்டிருக்காமல் நேராக இசைக்குப் போக ரூபி வசதியாக இருந்தது.

இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாதாரண ரூபியில் ஸ்லீப் 0.5 என்றால் அரை வினாடி தூங்கு என்றுதான் அர்த்தம். ஆனால் பிளே என்ற வரியை நிறைவேற்றவும் கணினிக்கு நேரம் பிடிக்குமே. அது 5 மில்லி வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறையும் 500க்குப் பதில் 505 ஆகும், நூறு அடி போனதும் தாளம் அரை வினாடி பின்தங்கிவிடும். அதே பாட்டில் இன்னொரு சுற்று வேறு அளவு வேலை செய்துகொண்டிருந்தால் இரண்டும் விலகிக்கொண்டே போகும். சோனிக் பை இதற்கு ஒரு கற்பனைக் கடிகாரம் வைத்திருக்கிறது. ஸ்லீப் என்றால் தூங்குவது அல்ல, கற்பனைக் கடிகாரத்தில் அரை வினாடியைத் தாண்டிய இடத்துக்கு வந்து சேர் என்று பொருள். வேலைக்கு 5 மில்லி வினாடி போயிருந்தால் 495 மட்டும் காத்திருக்கும். வெளியே பார்க்க அதே பழைய கட்டளை, உள்ளே அர்த்தமே வேறு. 2014இல் வந்த இரண்டாம் பதிப்பின் காலத்தில் இந்த மாற்றம் உறுதியானது, அதற்குப் பிறகுதான் இது வகுப்பறைக் கருவி என்ற நிலையிலிருந்து மேடைக் கருவியானது.

அடுத்து லைவ் லூப் பழகுங்கள். இரண்டு சொற்களையும் அடிக்கோட்டால் சேர்த்து எழுதி, ஒரு இடைவெளி, முக்காற்புள்ளி, உடனே ஒரு பெயர், டூ என்று தொடங்கி, உள்ளே பிளேயும் ஸ்லீப்பும் எழுதி, எண்ட் என்று முடிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே எதையாவது மாற்றி மறுபடி ரன் கொடுத்தால், நடந்துகொண்டிருக்கும் சுற்று முழுதாக முடிந்து அடுத்த சுற்றில் புதியது எடுத்துக்கொள்ளப்படும். தாளம் தடுமாறாது. உள்ளே ஸ்லீப் எழுத மறந்தால் அது பிழை சொல்லி அந்த லூப்பை நிறுத்திவிடும், ஏனென்றால் நேரத்தை நகர்த்தாத சுற்று முடிவில்லாமல் ஒரே கணத்தில் சுழலும். இன்னொன்று, சோனிக் பையில் தற்செயல் எண்கள் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அதே வரிசையில்தான் வரும். முதலில் ஏமாற்றமாகத் தெரியலாம், ஆனால் ஒத்திகையில் கிடைத்த நல்ல மெட்டு மேடையிலும் அப்படியே கிடைக்கும்.

ஐந்தாம் படி: தரைக்கு அடியில்

சோனிக் பையில் ஒலியை உண்டாக்குவது ரூபி அல்ல, சூப்பர்கொலைடர். டைடலிலும் அதேதான். ஓவர்டோன், இக்ஸி லாங், பைத்தானில் எழுதப்பட்ட ஃபாக்ஸ்டாட், எல்லாவற்றுக்கும் அடியில் இது ஒன்றுதான். ஏன் இத்தனை பேரும் ஒரே தரையில் நிற்கிறார்கள்?

ஜேம்ஸ் மெக்கார்ட்னி 1996இல் சூப்பர்கொலைடரை வெளியிட்டார். அதன் மொழி ஸ்மால்டாக் என்ற பழைய நிரல்மொழியைப் பின்பற்றுகிறது, எல்லாமே ஒரு பொருள், எந்தப் பொருளுக்கும் செய்தி அனுப்பலாம். மூன்றாம் பதிப்பில் அவர் அதை இரண்டாகப் பிரித்தார். ஒலி உண்டாக்கும் சர்வர் தனி, எழுதும் மொழி தனி. இரண்டும் ஓஎஸ்சி என்ற செய்திமுறையில் பேசிக்கொள்ளும், அது 1997 வாக்கில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் இசைத் தொழில்நுட்ப மையத்தில் உருவானது. 2002இல் அவர் எல்லாவற்றையும் கட்டற்ற மென்பொருளாகத் திறந்துவிட்டார். இந்த மூன்றும் சேர்ந்ததால் யார் வேண்டுமானாலும் தங்களுக்குப் பிடித்த மொழியை மேலே கட்டிக்கொண்டு, ஒலிக்கு அந்தச் சர்வரைப் பயன்படுத்திக்கொள்ள முடிந்தது. லைவ் கோடிங்கில் இத்தனை மொழிகள் முளைத்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னும் ஆழத்தில் மேக்ஸ் மேத்யூஸ் இருக்கிறார். 1957இல் பெல் லேப்ஸில் மியூசிக் 1 என்ற நிரலை எழுதினார். நியூயார்க்கிலிருந்த ஐபிஎம் 704 கணினியில் கணக்குப் போட்டு, காந்த நாடாவை நியூஜெர்சிக்குக் கொண்டுவந்து ஒலியாக மாற்றியபோது கிடைத்தது 17 வினாடி இசை. பிறகு மியூசிக் 3இல் யூனிட் ஜெனரேட்டர் என்ற எண்ணம் வந்தது. அலை உண்டாக்கும் ஒரு துண்டு, வடிகட்டும் ஒரு துண்டு, அளவைக் கூட்டிக் குறைக்கும் ஒரு துண்டு, இவற்றை விருப்பம்போல இணைத்துக்கொள்ளலாம். அறுபது ஆண்டுகள் தாண்டியும் இதை யாரும் மாற்றவில்லை. ஸ்ட்ரூடலுக்குத் திரும்பிப் போய் இதை எழுதுங்கள்:

நோட்("36 36 43 41").எஸ்("சாடூத்").எல்பிஎஃப்(600)

ரம்பப்பல் வடிவ அலை ஒன்று, அதை 600 ஹெர்ட்ஸுக்கு மேல் மழுங்கடிக்கும் வடிகட்டி ஒன்று. 600ஐ 200 ஆக்குங்கள், 3000 ஆக்குங்கள், ஒலி மூடித் திறப்பது கேட்கும். பிரவுசருக்குள் நடக்கும் இந்த இணைப்பு மேத்யூஸின் எண்ணத்தின் நேர் வாரிசு. மியூசிக் குடும்பத்தின் இன்னொரு வாரிசு, எம்ஐடியில் பாரி வெர்கோ 1980களில் எழுதிய சிசவுண்ட், இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

சூப்பர்கொலைடரைத் தனியாகக் கற்க வேண்டுமா என்றால், ஒலியையே செதுக்க ஆசை இருந்தால் கட்டாயம் கற்க வேண்டும். தாளமும் மெட்டும்தான் உங்கள் ஆசை என்றால் இப்போதைக்கு அது அடியிலேயே இருக்கட்டும்.

ஆறாம் படி: மற்றவற்றை ஒரு பார்வை

சக் மொழியை ஜீ வாங்கும் பெரி குக்கும் பிரின்ஸ்டனில் உருவாக்கினார்கள், 2003 வாக்கில். இதில் நேரம் என்பது "இப்போது" என்ற ஒரு மாறி. அதற்குள் ஒரு வினாடியைத் தள்ளினால்தான் நேரம் நகரும், தள்ளாதவரை உலகம் அப்படியே நிற்கும். நேரத்தை மிக நுணுக்கமாக, ஒலியின் சாம்பிள் ஒவ்வொன்றாகக்கூடக் கையாள விரும்புகிறவர்களுக்கு இதுதான் சரி.

ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ சோரன்சன் 2005இல் இம்ப்ராம்ட்டுவையும் பின்னர் எக்ஸ்டெம்போரையும் தந்தார். அடித்தளம் ஸ்கீம், லிஸ்ப்பின் கிளை. ஒரு சார்பு தன் வேலையை முடித்ததும் இன்னும் சிறிது நேரம் கழித்துத் தன்னையே கூப்பிடும்படி சொல்லிவைத்துவிட்டுப் போகும். இடையில் அந்தச் சார்பை நீங்கள் மாற்றி எழுதினால் அடுத்த அழைப்பு புதியதற்குப் போய்விடும். ஓடும் நிரலை நிறுத்தாமல் மாற்றுவது லிஸ்ப்காரர்களின் பழைய பழக்கம், ஃபோர்த் மொழிக்காரர்களுக்கும் அது உண்டு. 1985இலேயே ரான் குய்விலா ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெய்ம் இசை மையத்தில் ஃபோர்த்தை மேடையிலேயே எழுதி வாசித்திருக்கிறார்.

ஆர்கா என்று ஒன்று உண்டு, அதில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு கட்டளை, திரை முழுவதும் கட்டம் கட்டமாக எழுத்துகள் ஓடும். ஒலிக்குப் பதில் காட்சி வேண்டும் என்றால் ஒலிவியா ஜாக் எழுதிய ஹைட்ராவைப் பிரவுசரிலேயே திறக்கலாம்.

என் பரிந்துரை இதுதான். தாளம் பிடிக்கும் என்றால் ஸ்ட்ரூடல், பிறகு டைடல். பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப் போகிறீர்கள் என்றால் சோனிக் பை, யோசிக்கவே வேண்டாம். ஒலியின் அமைப்பில் ஆர்வம் என்றால் சூப்பர்கொலைடர் அல்லது சக். ஏற்கெனவே லிஸ்ப் பிரியர் என்றால் எக்ஸ்டெம்போர். எதை எடுத்தாலும் சில வாரங்களுக்கு இன்னொன்றைத் தொடாதீர்கள், நேரத்தைப் பற்றிய ஒரு கருத்து மனதில் ஊறுவதற்குள் அடுத்ததைப் போட்டுக் குழப்பிக்கொள்வதில் பயனில்லை.

ஏழாம் படி: திரையைக் காட்டு

2000இல் மெக்லீனும் ஏட்ரியன் வார்டும் ஸ்லப் என்ற பெயரில் தாங்கள் எழுதிய நிரல்களைக் கொண்டு வாசிக்கத் தொடங்கினார்கள். மெக்லீன் அப்போது பயன்படுத்தியது பெர்ல் மொழி. 2004 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் யூலியன் ரோர்ஹூபர் முன்னின்று நடத்திய கூடலில் இப்படிப்பட்டவர்கள் ஒன்றுசேர்ந்தபோது டாப்லாப் என்ற அமைப்பு பிறந்தது. அவர்களுடைய அறிக்கையின் முக்கியமான கோரிக்கை, உங்கள் திரைகளைக் காட்டுங்கள் என்பது. லேப்டாப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வாசிக்காதே, என்ன செய்கிறாய் என்று பார்வையாளர் பார்க்கட்டும். நிரல் புரிய வேண்டும் என்ற அவசியமில்லை, கிட்டார் வாசிக்கத் தெரியாதவர்களும் கிட்டார் கச்சேரியை ரசிக்கிறார்கள் என்றும் அந்த அறிக்கை சொல்கிறது.

இந்தக் கோரிக்கை மொழிகளின் வடிவத்தையே மாற்றியது. பார்வையாளர் பார்க்கப் போகிறார் என்றால் நிரல் குறுகியதாக, வேகமாக அடிக்கக்கூடியதாக, ஒரு எழுத்து மாறினால் ஒலியில் உடனே வித்தியாசம் கேட்கும்படி இருக்க வேண்டும். மினி நொட்டேஷன் இவ்வளவு சுருக்கமாக இருப்பதற்கும், ஸ்ட்ரூடலில் ஒலிக்கும் எண் திரையில் மின்னுவதற்கும் இதுவும் ஒரு காரணம். 2011இல் மெக்லீனும் நிக் காலின்ஸும் இப்படி நிரலால் வாசிக்கும் நடன நிகழ்ச்சிகளுக்கு ஆல்கோரேவ் என்ற பெயரைக் கொடுத்து, 2012இல் லண்டனில் முதல் நிகழ்ச்சி நடந்த பிறகு, மக்கள் எழுந்து ஆடவேண்டும் என்பதும் சேர்ந்துகொண்டது.

ஆகவே கடைசிப் பயிற்சி, ஒருவர் முன்னால் வாசிப்பது. மெக்சிகோ நகரத்து லைவ் கோடர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெற்றுத் திரையில் தொடங்கி 9 நிமிடம், அவ்வளவுதான். அதையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவரையோ நண்பரையோ பக்கத்தில் உட்கார வைத்து, திரை அவர்களுக்குத் தெரியும்படி திருப்பி, போனில் 9 நிமிடம் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். முதல் நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு சத்தம் வந்துவிட வேண்டும், 36(3,8) போதும். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து என்டர் அடியுங்கள், அப்போதுதான் எது எதனால் வந்தது என்று பக்கத்தில் இருப்பவருக்கும் பிடிபடும். அடைப்பு மூடாமல் விட்டுப் பிழை வந்தால் பதறாதீர்கள், ஸ்ட்ரூடலில் பழைய கோலம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், திருத்தி மறுபடி ஓட்டினால் போதும். எட்டாவது நிமிடத்தில் சேர்ப்பதை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்குங்கள். முதலில் வடிகட்டியைக் கீழே இறக்குங்கள், பிறகு ஸ்வரங்களை ~ ஆக்குங்கள், தாளம் கடைசியில் போகட்டும்.